சர்வர் எபேனுக்குப் போகிறது: ஐபி முகவரியை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

2013 மார்ச் 30 அன்று சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த மழை மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் 11 உயிர்களைக் கொண்டுபோனது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தபோது அதே நகரத்தின் தெருக்களில் கார்களை வெள்ளம் அடித்துச் சென்றது. இத்தனைக்குப் பிறகும் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், ஓர் இரும்பு அலமாரிக்குள் சர்வரை வைத்திருக்கும் வணிகர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: மேட்டுக்குக் கொண்டுபோங்கள். மேட்டில் இருக்கும் எபேன் நகரில், தரவு மையத்தில் ஒரு ராக் (சர்வர்களை அடுக்கும் சட்டகம்) வாடகைக்கு எடுங்கள், அல்லது அங்கே இருக்கும் உங்கள் கிளை அலுவலகத்தின் மாடிக்கு ஏற்றுங்கள். இது தள்ளிப்போடக்கூடிய வேலை அல்ல.

போவது என்று தீர்மானித்த பிறகு அடுத்த கேள்வி எழுகிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் ஓடும் சர்வர் ஒன்று புதிய இடத்துக்குப் போகும்போது அதன் வலையமைப்பு அமைப்புகளை, முதலில் அதன் ஐபி முகவரியை, என்ன செய்வது? இதற்கு ஒரே பதில் இல்லை. பழைய முகவரியையே வைத்துக்கொள்ளலாம். கையால் மாற்றலாம். முகவரியைத் தானாகப் பங்கிடும் டிஹெச்சிபி சேவை கொடுக்கும்படி விடலாம். புதிய இடத்தில் புதிய சர்வரையே எழுப்பலாம். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற இடம் உண்டு. பிழையான இடத்தில் பயன்படுத்தினால் திங்கட்கிழமை காலை கடை திறக்காது.

பேசுவதற்கு வசதியாக ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இந்தத் தீவில் அடிக்கடி காணக்கூடிய உருவம்தான் அது: துணியும் மளிகையும் இறக்குமதி செய்யும் ஒரு குடும்ப நிறுவனம், மூன்று இயந்திரங்கள். ஒன்றில் டெபியன் லினக்ஸ். மின்னஞ்சலும் கோப்புகளும் அதில். இன்னொன்றில் ரெட் ஹேட். சரக்கு இருப்புக் கணக்கு போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ஓடுகிறது. மூன்றாவது, 2005-இல் வெளிவந்த சொலாரிஸ் 10. பழைய பேரேடு அதில் இருக்கிறது, அதைத் தொட யாருக்கும் துணிவில்லை. மூன்றுக்கும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள்.

இப்படிப்பட்ட கடைகளின் முதலாளிகள் முதலில் கேட்பது, “தம்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே ஒயரைச் செருகினால் ஓடாதா?” என்பதுதான். “ஓடும் ஐயா. ஆனால் அதைத் தேடி வருகிறவர்களுக்கு வழி தெரியாது” என்பது என் பதில். சர்வர் தன் முகவரியைத் தன் வட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது. வெளியே போகும் வாசலான கேட்வே எது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் பெயர்ச் சேவை (டிஎன்எஸ்) எங்கே, எந்த வலையமைப்பு தன் அண்டை வீடு என்பதெல்லாமும் அங்கேயே எழுதப்பட்டிருக்கின்றன. புதிய இடத்தின் வலையமைப்பு வேறாக இருந்தால் அந்தக் குறிப்புகள் அனைத்தும் ஒரே நொடியில் செல்லாதவையாகிவிடும்.

பழைய முகவரியோடு போவது

மேலோட்டமாகப் பார்த்தால் இதுதான் மிகச் சுலபம். புதிய இடத்திலும் 192.168.1 வலையமைப்பையே அமைத்துவிட்டால் சர்வரில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். எல்லா இயந்திரங்களும் எல்லா ஊழியர்களும் ஒரே இரவில் சேர்ந்து இடம் மாறுவதானால் இதற்கு நான் தடை சொல்லமாட்டேன்.

ஆனால் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சர்வர் எபேனுக்குப் போகும். கடையும் கிடங்கும் போர்ட் லூயிஸிலேயே இருக்கும். அப்போது ஒரே வலையமைப்பு இரண்டு ஊர்களில் இருக்க வேண்டியதாகிறது. ஸ்விட்ச் மட்டத்தில் இரண்டையும் ஒட்ட வைக்கும் கருவிகள் உண்டு. பெரிய வங்கிகள் அதைச் செய்யும், அதற்கென்று ஆட்களும் வைத்திருக்கும். மூன்று இயந்திரம் உள்ள கடைக்கு அது வேண்டாத சுமை. நடுவில் உள்ள இணைப்பு ஒரு நிமிடம் அறுந்தால், இரு பக்கமும் மற்றப் பக்கத்து இயந்திரங்கள் தன் அருகிலேயே இருப்பதாக நம்பித் தேடிக்கொண்டிருக்கும்.

192.168.1 என்ற எண்ணை விட்டுவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மொரீஷியஸில் இது வெறும் ஏட்டுக் காரணம் அல்ல. மூன்றாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் பஸ் நின்றுவிடும், அலுவலகம் மூடிவிடும். அன்று ஊழியர்கள் ரோஸ் ஹில்லிலும் கத்ர் போர்னிலும் தங்கள் வீட்டிலிருந்து விபிஎன் என்னும் பாதுகாக்கப்பட்ட இணைப்பு வழியாக உள்ளே வர வேண்டும். வீட்டு ரவுட்டர்களில் பலவும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 192.168.1 அல்லது 192.168.0 என்ற வலையமைப்போடுதான் வருகின்றன. வீட்டிலும் அதே எண், அலுவலகத்திலும் அதே எண் என்றால், ஊழியரின் கணினி அலுவலக சர்வரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும். விபிஎன் இணைந்திருப்பதாகத் திரை சொல்லும். சரக்குக் கணக்கு மட்டும் திறக்காது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கென 1996 முதல் ஒதுக்கப்பட்டிருக்கும் முகவரிகளில் 10 என்று தொடங்கும் பெரும் பரப்பு இருக்கிறது. அதில் வழக்கமில்லாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். 10.73.5 போல ஏதாவது, 10.0.0-ஐயும் 10.1.1-ஐயும் தவிர்த்துவிடுங்கள்.

பொது முகவரியின் கதை வேறு. இணையத்துக்குத் தெரியும் அந்த முகவரி பெரும்பாலும் உங்களுடையது அல்ல, சேவை நிறுவனத்துடையது. நிறுவனத்தை மாற்றினால் அது போய்விடும். சொந்தமாக வாங்கலாமே என்றால், ஆப்பிரிக்கா முழுமைக்கும் முகவரி பங்கிடும் ஆஃப்ரினிக்கின் தலைமையகம் எபேனிலேயே இருக்கிறது. அலுவலகம் அருகில் இருப்பதால் முகவரி சுலபமாகிவிடாது. உலக ரவுட்டர்கள் பொதுவாக ஏற்கும் மிகச் சிறிய துண்டு 256 முகவரிகள் கொண்டது. அதை அறிவிக்க, தனி வலையமைப்பு என்று அடையாளம் காட்டும் தன்னாட்சி எண்ணும் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். இறக்குமதிக் கடைக்கு இது பொருந்தாது.

கையால் மாற்றுவது

பெரும்பாலோர் செய்வது இதைத்தான். தவறில்லை. ஆனால் ஒவ்வொரு யூனிக்ஸும் தன் முகவரியை ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

டெபியனில், அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி அடைவுக்குள் நெட்வொர்க் என்ற துணை அடைவில் இன்டர்ஃபேசஸ் என்னும் கோப்பு. உபுண்டுவில் 17.10 பதிப்பிலிருந்து நெட்பிளான். அதன் யாமல் கோப்பில் ஓர் இடைவெளி பிசகினாலும் ஏற்காது. ரெட் ஹேட் குடும்பத்தில் நெட்வொர்க்மேனேஜர். பழைய ஐஎஃப்சிஎஃப்ஜி கோப்புகள் 10-ஆம் பதிப்பில் முற்றிலுமாக நீக்கப்பட்டுவிட்டன, ஆகவே என்எம்சிஎல்ஐ கட்டளையைப் பழகிக்கொள்வது நல்லது. ஃப்ரீபிஎஸ்டியில் எல்லாம் ஆர்சி.கான்ஃப் என்ற ஒரே கோப்பில் அடங்கிவிடும். எனக்கு இது மிகவும் பிடிக்கும். சொலாரிஸ் 10-இல் இடைமுகத்தின் பெயர் தாங்கிய ஹோஸ்ட்நேம் கோப்பு, ஹோஸ்ட்ஸ் கோப்பு, நெட்மாஸ்க்ஸ், டிஃபால்ட்ரவுட்டர் என்று நான்கு இடங்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஏஐஎக்ஸில் கோப்பைத் தேடிப் பயனில்லை. ஓடிஎம் என்னும் உள் தரவுத்தளத்தில் இருக்கிறது, ஸ்மிட்டி வழியாக மாற்றினால்தான் நிலைக்கும்.

நிலைப்பது என்பதுதான் இங்கே முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை ஐபி அல்லது ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையால் மாற்றினால் மறுதொடக்கத்தோடு அது மறைந்துவிடும். இது தொல்லை மட்டும் அல்ல, பாதுகாப்பும்கூட. தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்னும் தொலைநுழைவு முறை வழியாக மாற்ற வேண்டியிருந்தால், முதலில் பத்து நிமிடம் கழித்து மறுதொடக்கம் ஆகும்படி நேரம் குறித்துவிட்டு, தற்காலிகமாக மட்டும் மாற்றுங்கள். உள்ளே வர முடிந்தால் மறுதொடக்கத்தை ரத்து செய்துவிட்டுக் கோப்பில் எழுதுங்கள். முடியாமல் போனால் பத்து நிமிடத்தில் பழைய நிலை தானாகத் திரும்பும். நெட்பிளானில் இதற்கென்றே ட்ரை என்ற துணைக்கட்டளை இருக்கிறது: 120 நொடிக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும்.

புதிய இடத்தில் போய் மாற்றுவதா, இங்கேயே மாற்றிவிட்டு அணைப்பதா? கன்சோல் இல்லாத இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் இங்கேயே மாற்றிவிடுங்கள். தரவு மையத்தில் திரையும் விசைப்பலகையும் கேட்டுப் பெற நேரமாகும். சர்வர் அண்டைப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குப் போவதானால் அங்கே கையில் கிடைப்பது பெரும்பாலும் அஸெர்ட்டி விசைப்பலகை; அதில் எண்களுக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும். சர்வரோ அமெரிக்க அமைப்பை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். கடவுச்சொல்லையும் சாய்கோட்டையும் அடிக்கவே நடு இரவு போய்விடும். ஆகவே உங்கள் விசைப்பலகையை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

ஐடிராக், ஐஎல்ஓ போன்ற தொலைக் கன்சோல் உள்ள சர்வரானால் அதற்கெனத் தனி முகவரி இருக்கும். இயங்குதளத்தில் முகவரியை மாற்றும்போது அது மாறாது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சர்வர் பேசாத நேரத்தில் உதவ வேண்டிய அந்தக் கன்சோலும் பழைய வலையமைப்பிலேயே நின்றுவிடுகிறது. அணைப்பதற்கு முன்பே ஐபிஎம்ஐடூல் கொண்டு அதையும் மாற்றிவிட வேண்டும்.

டிஹெச்சிபிக்கு விடுவது

சர்வருக்கு டிஹெச்சிபியா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. வலையட்டையின் மேக் எண்ணுக்கு ஒரே முகவரி என்று ஒதுக்கி வைத்தால் அது நிலையான முகவரிதான். மாற்ற வேண்டியதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். இருபது முப்பது மெய்நிகர் சர்வர்கள் இருந்தால் இது நல்ல வழி.

மூன்று சர்வருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. புயலில் மின்சாரம் போய்த் திரும்பும்போது எல்லாம் ஒரே சமயத்தில் விழித்தெழுகின்றன. இணைப்புகளில் சுழற்சி ஏற்படாமல் தடுக்கும் பழைய ஸ்பேனிங் ட்ரீ முறையில் ஓடும் ஸ்விட்ச், ஒரு போர்ட்டைத் திறக்க 30 நொடி எடுத்துக்கொள்ளும். டிஹெச்சிபி தரும் இயந்திரம் அதைவிடத் தாமதமாக எழலாம். அதற்குள் கேட்டுச் சலித்த சர்வர் முகவரி இல்லாமலே தன் சேவைகளைத் தொடங்கிவிடும். குறிப்பிட்ட முகவரியில் காதுகொடுக்க வேண்டிய தரவுத்தளம் எழும்பாது. வலையட்டை பழுதாகி மாற்றினாலும் மேக் எண் மாறும், ஒதுக்கீடு செல்லாது. உண்மையில் புயல் காலத்தில் ஒரு சர்வர் யாரையும் கேட்காமல் தன் பெயரையும் முகவரியையும் அறிந்திருப்பதே நிம்மதி.

புதிதாக எழுப்புவது

பழைய பெட்டியைத் தூக்காமல் எபேனில் புதிய சர்வரை எழுப்பித் தரவை மட்டும் கொண்டுபோய், டிஎன்எஸ்ஸை மாற்றிக் காட்டுவது நான்காவது வழி. பணம் கூடுதலாக ஆகும். ஆனால் பழையது நின்ற இடத்தில் நின்றுகொண்டே இருக்கும். புதியது சரியில்லை என்றால் திரும்பி வர ஒரு பாலம் இருக்கிறது. மற்ற எந்த வழியும் இந்த நிம்மதியைத் தருவதில்லை. டெபியன் இயந்திரத்துக்கு இதையே தேர்வேன்: மின்னஞ்சலும் கோப்புகளும் ஆர்சிங்க் கொண்டு நாள்தோறும் நகலெடுக்கத் தோதானவை.

செய்யும்போது டிஎன்எஸ் பதிவின் ஆயுளை முன்னதாகக் குறைத்துவிட வேண்டும். 86400 நொடி என்று இருந்தால், மாற்றத்துக்கு ஒரு முழு நாளுக்கும் முன்பே 300 என்று ஆக்குங்கள். மாற்றும் இரவில் குறைத்துப் பயனில்லை, பழைய ஆயுளை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் அது தீரும்வரை திரும்பி வந்து கேட்கமாட்டார்கள். மின்னஞ்சலுக்கு மறுதிசைப் பதிவு முக்கியம்: முகவரியிலிருந்து பெயருக்குப் போகும் அந்தப் பதிவைப் பொதுவாக முகவரியைக் கொடுத்த சேவை நிறுவனம்தான் எழுத முடியும். அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்காவிட்டால் முதல் நாளே உங்கள் கடிதங்கள் குப்பைக் கூடைக்குப் போகும். உங்கள் பெயரில் எந்த முகவரிகள் கடிதம் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் புதிய முகவரியைச் சேர்ப்பதும் அப்படியே.

ஆன்சிபிள் போன்ற தானியக்கக் கருவிகளைப் பற்றியும் கேட்பார்கள். ஏற்கெனவே அதில் பழகியவர்களுக்கு அது நல்லது. மூன்று இயந்திரத்துக்காக இப்போதுதான் கற்கத் தொடங்குவது வேண்டாம்.

எல்லா வழிக்கும் பொதுவான சிக்கல்

முகவரியை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. பழைய முகவரியை யார் யார் நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வாரக்கணக்கில் ஆகும். திருமண வீட்டில் அழைப்பிதழ் போகாத உறவினர் போல, விட்டுப்போனது யார் என்பது அன்றைய நாளில்தான் தெரியவரும்.

போஸ்ட்கிரஸில் பிஜி_ஹெச்பிஏ கோப்பு எந்த வலையமைப்பிலிருந்து யார் வரலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. மைசீக்வலில் பயனரின் பெயரோடு முகவரியும் ஒட்டியிருக்கிறது. கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ்ஸின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பு, ஃபயர்வால் விதிகள், ஹோஸ்ட்ஸ் கோப்பு, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அட்டவணையில் யாரோ எழுதிய ஒரு சிறு ஸ்கிரிப்ட், பேக்கப் நிரல், கண்காணிப்பு நிரல், நேரம் ஒத்திசைக்கும் சேவை: எல்லாவற்றிலும் எண் இருக்கலாம். எட்சி அடைவையும் பயன்பாட்டு அடைவுகளையும் கிரெப் என்னும் தேடல் கட்டளை கொண்டு துழாவினால் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

சர்வருக்கு வெளியே இருப்பவை கிரெப்புக்கு அகப்படாது. பிரிண்டர், பார்கோடு வாசிப்பான், விரல் ரேகை வருகைப் பதிவுக் கருவி ஆகியவை தங்கள் சின்னத் திரைகளில் சர்வரின் எண்ணை வைத்திருக்கின்றன. சம்பளக் கோப்பை வாங்கும் வங்கி, பதிவு செய்த பொது முகவரியிலிருந்து வந்தால்தான் கதவைத் திறக்கும். அதை மாற்றக் கடிதம் எழுத வேண்டும், பதில் வரக் காத்திருக்க வேண்டும். இவற்றைக் கண்டுபிடிக்க ஒரே வழி, சர்வரோடு யார் பேசுகிறார்கள் என்று எஸ்எஸ் கட்டளையாலும், வந்து போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பாலும் பார்ப்பது. ஒரு வாரம் பார்த்தால் போதாது. மாத இறுதியில் மட்டும் வந்து போகும் இணைப்புகள் உண்டு. ஒரு மாத முடிவையாவது உள்ளடக்கிப் பாருங்கள்.

நான் தேர்வது

மேலே சொன்ன எந்த வழியானாலும், முகவரி மாற்றத்தையும் இட மாற்றத்தையும் ஒரே இரவில் செய்யாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. இரண்டையும் சேர்த்துச் செய்துவிட்டு, காலையில் சர்வர் பேசவில்லை என்றால், குற்றம் கேபிளிலா, ஸ்விட்சிலா, கேட்வேயிலா, ஃபயர்வாலிலா, அசைந்துபோன நினைவக அட்டையிலா என்று பிரித்தறிய முடியாது.

எனவே ரெட் ஹேட் இயந்திரத்துக்கு இப்படிச் செய்வேன். போர்ட் லூயிஸ் ரவுட்டரில் புதிய 10.73.5 வலையமைப்பையும் இப்போதே உருவாக்குவேன். சர்வருக்குப் புதிய முகவரியை இரண்டாம் முகவரியாகச் சேர்ப்பேன்; பழையதும் இருக்கும். பிறகு பிரிண்டர்கள், கிளைகள், நிரல்கள் என ஒவ்வொன்றாகப் புதிய முகவரிக்கு, முடிந்தால் எண்ணை விட்டுப் பெயருக்கே மாற்றுவேன். பழைய முகவரிக்கு வரும் இணைப்புகள் வாரத்துக்கு வாரம் குறையும். ஒன்றும் வராத நிலை வந்ததும் பழையதை நீக்கிவிட்டு ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்ப்பேன். இடம் மாறும் இரவில் சர்வரில் எந்தக் கோப்பையும் தொட வேண்டியிருக்காது. அந்த வலையமைப்புக்கான வழி இனி எபேனில் என்று ரவுட்டரில் ஒரு வரி மாறும், அவ்வளவுதான். புதிய தலைமுறை முகவரி முறையான ஐபிவி6 உலகில் வலையமைப்பு எண்ணை மாற்றுவதற்கு 2005-இல் வகுத்த நடைமுறையும் இதே வரிசையைத்தான் சொல்கிறது: புதியதைச் சேர், பழகவிடு, பிறகு பழையதை எடு.

ஒரே எச்சரிக்கை: பயணத்தின்போது வலையட்டையை வேறு துளைக்கு மாற்றாதீர்கள். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி 2013 முதல் இடைமுகத்துக்கு அது இருக்கும் இடத்தை வைத்தே பெயரிடுகிறது. புதிய அட்டை ஒன்றைச் செருகினாலும் பழைய இடைமுகத்தின் பெயர் நகர்ந்துவிடலாம். பெயர் நகர்ந்தால் அமைப்பு ஒட்டாது.

சொலாரிஸுக்கு வேறு தீர்ப்பு. அதன் பேரேட்டு நிரலுக்குள் எங்கே எந்த எண் பொதிந்திருக்கிறது என்று அறிந்தவர் யாரும் இல்லாதபோது, அதைப் பழைய 192.168.1 முகவரியிலேயே விட்டு, முன்னால் ஒரு சிறு ஃபயர்வாலை வைத்து, வெளியே 10.73.5.30 என்று காட்டும்படி ஒன்றுக்கு ஒன்றாக முகவரி மொழிபெயர்ப்பு செய்வேன். இது என்றென்றைக்குமான ஏற்பாடு அல்ல. என்எஃப்எஸ், பழைய எஃப்டிபி போல முகவரியைச் செய்திக்குள்ளேயே வைத்து அனுப்பும் அல்லது போர்ட்டை ஓட்டத்தின் நடுவே பேரம் பேசும் நெறிமுறைகள் இதில் இடறும். டெல்நெட் வழியாகக் கணக்கெழுத்தர்கள் நுழையும் பேரேட்டுக்குப் போதும். அவர்கள் புதிய நிரலுக்கு மாறும்வரை காலம் கிடைக்கும்.

தேதியையும் சொல்லிவிடுகிறேன். நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை புயல் காலம். தைப்பூசக் காவடியும் அதற்குள்தான் வருகிறது. விரதத்தில் இருக்கும் ஊழியரை நள்ளிரவில் சர்வர் அறைக்கு அழைப்பது நியாயம் இல்லை. ஜூன் 30 பல நிறுவனங்களுக்குக் கணக்கு முடிக்கும் நாள். மிஞ்சுவது ஜூலை நடுவிலிருந்து தீபாவளிப் பரபரப்பு தொடங்கும் வரை. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை இரவைக் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, ஜூன் தொடக்கத்திலேயே வங்கிக்கும் சேவை நிறுவனத்துக்கும் கடிதம் எழுதுங்கள். இரண்டாம் முகவரியையும் அதே வாரத்தில் சேர்த்துவிடலாம்.

மாற்றம் முடிந்த பிறகும் போர்ட் லூயிஸ் இணைப்பை உடனே ரத்து செய்யாதீர்கள். ஒரு பழைய கணினியில் லினக்ஸை நிறுவி, சர்வர்களின் பழைய முகவரிகளை அதற்குக் கொடுத்து, டிசிபிடம்ப்பை ஓடவிடுங்கள். அங்கே வந்து நிற்கும் ஒவ்வொரு பாக்கெட்டும் நாம் தேடிக் கண்டுபிடிக்காத ஒரு கருவியின் முகவரியைச் சுமந்து வரும். போய் அதைத் திருத்துங்கள். இரண்டு மாத முடிவுகள் கடந்து, எதுவும் வரவில்லை என்றால், இணைப்பை நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பலாம்.